இரண்டு முறை கேட்டார்

கடிதத்தைப் படித்துவிட்டேன் அம்மா. கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தேன். தப்பில்லாமல் டைப் செய்திருக்கிறது. உட்காருங்கள். செக்யூரிட்டி கேபினில் இவ்வளவுதான் இடம். ஃபேன் காற்று அந்த மூலைக்கு வராது, நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. உங்கள் தம்பி வனராஜ் பனிமலையில் இறந்துபோனான். ராணுவத்திலிருந்து வந்த காகிதத்தில் 'தன் நோயை மேலதிகாரியிடம் மறைத்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எடுக்கச் சொல்லி இந்தக் கடிதத்தை ராணுவத்துக்கு அனுப்பப்போகிறீர்கள். அவனுக்குப் பயிற்சி கொடுத்த ஆள் நான், சுபேதார் ஏகாம்பரம், இப்போது ஓய்வு, கீழே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதானே. பணமெல்லாம் வந்துவிட்டது, அதற்காக வரவில்லை என்று கேட்டிலேயே சொன்னீர்கள். நான் கேட்கவே இல்லை. உங்கள் அம்மா தினமும், 'எம் புள்ள பொய் சொல்லியா செத்தான்?' என்று கேட்கிறார்கள் என்கிறீர்கள். ஒரு தாய் கேட்பாள்தான்.

போடமாட்டேன் என்று சொல்லவில்லை. நேற்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து அதே வேலையாகத்தான் இருக்கிறேன்.

ஒரு நிமிஷம். தம்பி, நில்லு. ஐ.டி. கார்டு எங்கே? பைக்குள்ள இருந்தா பைக்குத்தான் தெரியும். கழுத்துல மாட்டு. சிரிக்காதே, மாட்டு.

பார்த்தீர்களா? 'சண்டை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு சார்' என்று சொல்லிவிட்டுப் போகிறான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். இவனை என்னிடம் எட்டு மாதம் விட்டால் போதும். சரி, விடுங்கள்.

உங்களுக்கு முறையாகச் சொல்ல வேண்டும். பாதி தெரிந்து பேசினால் தப்பாகத்தான் தெரியும். உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுக்கிறவன். நான் இரண்டு இடத்தில் உஸ்தாதாக இருந்தேன். எல்லோருக்கும் அது கிடைக்காது. முதலில் மலைமேல் எங்கள் சென்டரில் மூன்று வருஷம், ரங்ரூட்டுகளுக்கு. ரங்ரூட் என்றால் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்ப் பையன். அதற்குப் பிறகு, அதிகாரிகளைத் தயார் செய்கிற அகாடமியில் இரண்டு வருஷம். வனராஜ் முதல் இடத்தில் என் கையில் இருந்தான். தேஷ்பாண்டே சாப் இரண்டாவது இடத்தில் என் கையில் இருந்தார். ஆமாம், அந்தக் காகிதத்தில் 'மேலதிகாரி' என்று போட்டிருக்கிறதே, அவர்தான். இரண்டு பேரும் கடைசியில் ஒரே பனிமேட்டில், ஒரே கூடாரத்தில் இருந்தார்கள். இரண்டு பேருமே நான் நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள்.

ரங்ரூட் வந்த முதல் நாளே தலையைச் சிரைத்துவிடுவோம். நாற்பது தலையும் ஒன்றாகிவிடும். ஊர், சாதி, யார் வீட்டுப் பிள்ளை, எதுவும் மிஞ்சாது. எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். கம்பளியை எப்படி மடிப்பது, பல் துலக்கும் பிரஷ்ஷை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடிப்போம் என்பதற்காக இல்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் குண்டு வருகிறபோது படுக்கச் சொன்னால் ஏன் என்று யோசிப்பான். அதற்குள் செத்துப்போவான். அவன் நல்லதுக்குத்தான்.

அகாடமியில் வேறு மாதிரி. அங்கேயும் சேறு உண்டு, ஓட்டம் உண்டு, முதுகில் மூட்டையோடு தவழ்வது உண்டு. சிப்பாய்ப் பையனைவிட ஒரு பங்கு கூடவே வேலை வாங்குவேன். ஆனால் சாப், அதாவது ஐயா, என்று சொல்லித்தான் திட்ட வேண்டும். 'சாப், உங்க காலு ஊறுகாய் ஜாடியிலயா இருக்கு, தூக்குங்க சாப்.' இப்படி. அவர்களும் 'யெஸ் உஸ்தாத்' என்று தூக்குவார்கள். குளித்துவிட்டு வந்ததும் கத்தி முள்கரண்டியில் சாப்பிடச் சொல்லிக்கொடுப்பார்கள். சூப்பைச் சத்தமில்லாமல் குடிக்க ஒரு வகுப்பு. அப்புறம் மணலில் மலை, ஆறு, பாலமெல்லாம் செய்து வைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, 'எதிரி இங்கே இருக்கான், உன்கிட்ட முப்பது பேர் இருக்காங்க, என்ன செய்வே, ஏன்?' என்று கேட்பார்கள். இந்த 'ஏன்' இருக்கிறதே, ஒரு வருஷம் முழுக்க அதுதான். துப்பாக்கி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பிரித்து மாட்டுகிற விதமும் ஒன்றுதான். ஏன் என்பது மட்டும் ஒருவருக்கு.

அதில் ஒரு தப்பும் இல்லை அம்மா. இரண்டு பேரும் யோசித்தால் பட்டாளம் நடக்காது.

வனராஜ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் பூட்ஸ் கதையை எழுதியிருக்கிறீர்கள். அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. சொன்னவன் முழுதாகச் சொல்லவில்லை.

அப்போது கமாண்டென்ட் சாப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் வரிசையில் நடந்து வருவார். நாலைந்து பேரிடம் நின்று கேட்பார். பெயர், ஊர், சாப்பாடு எப்படி. கடைசியில் 'கோயி தக்லீஃப்?' என்பார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று அர்த்தம். அதற்குப் பதில் ஒன்றுதான். 'நஹீன் சாப்.' இல்லை ஐயா. அதை மூன்று நாள் ஒத்திகை பார்ப்போம். எல்லா சென்டரிலும் பார்ப்பதுதான். நானே கமாண்டென்ட் மாதிரி வரிசையில் நடப்பேன். நாற்பது பேரும் சரியாகச் சொன்னார்கள். வனராஜும் மூன்று நாளும் சரியாகச் சொன்னான்.

அன்றைக்குக் கமாண்டென்ட் சாப் அவன் முன்னால் நின்றார். 'கோயி தக்லீஃப்?' இவன் வாயைத் திறந்து, 'பூட்ஸ் சின்னது சார், எட்டாம் நம்பர் கேட்டேன், ஏழுதான் கொடுத்தாங்க' என்கிறான். தமிழில்! அவருக்குத் தமிழ் தெரியும். கழற்றச் சொன்னார். கட்டைவிரல் நகம் காலுறையோடு வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. 'ஏகாம்பரம்' என்று பெயரை மட்டும் சொன்னார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அப்படி யாரும் என் பெயரைச் சொன்னதில்லை.

பூட்ஸை அன்றைக்கே மாற்றிக் கொடுத்தேன். ஸ்டோருக்கு நானே போய் எட்டாம் நம்பர் வாங்கி வந்து அவன் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். இதை அவன் உங்களிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். யாரும் சொல்வதில்லை.

மறுநாள் மைதானத்தில் மற்ற முப்பத்தொன்பது பேரையும் உருளச் சொன்னேன். அவனை உருளச் சொல்லவில்லை. கடிதத்தில் அவனை உருட்டியதாக இருக்கிறது, அது தப்பு, திருத்த வேண்டும். அவனை ஒரு பெட்டி மேல் ஏறி நிற்கச் சொன்னேன். அவர்கள் உருண்டுகொண்டிருந்தார்கள். நான் அவனிடம் 'கோயி தக்லீஃப்?' என்று கேட்டேன். 'நஹீன் சாப்' என்றான். குரல் நடுங்கியது. நடுங்காமல் சொல்கிறவரை அவர்கள் உருள வேண்டும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருத்தன் வாந்தி எடுத்தான். இன்னொருத்தன், 'டேய் வனராஜு, ஒழுங்கா சொல்லித் தொலைடா' என்று கத்தினான். கடைசியில் சொன்னான். கல்லில் சுத்தியல் பட்ட மாதிரி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்போதுதான் நிறுத்தினேன்.

அன்றைக்கு ராத்திரி பாரக்கில், அவர்கள் படுக்கிற கூடத்தில், மற்றவர்கள் அவனை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. 'கோயி தக்லீஃப்?' என்று கேட்டேன். 'நஹீன் சாப்' என்றான். அதற்குமேல் விசாரிப்பது உஸ்தாத் வேலை இல்லை.

அதற்குப் பிறகு அவன் மேல் ஒரு குறையும் கிடையாது. எங்கள் பேட்ச்சில் டிரில்லில் அவன்தான் முதல். சத்தியப் பிரமாணம் எடுத்த அன்றைக்கு உங்கள் அப்பா வந்திருந்தார். பச்சைத் துண்டு போட்டிருந்தார், இல்லையா? என் கையைப் பிடித்துக்கொண்டு, 'வீட்டுல வாய் ஓயாம பேசுவான் சார், இப்ப கேட்டாத்தான் பதில் சொல்றான்' என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

தண்ணீர் குடிக்கிறீர்களா? கேன் தண்ணீர்தான், நல்ல தண்ணீர்.

அகாடமிக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே தேஷ்பாண்டே சாப். ஒல்லியாக இருப்பார், புனேக்காரர். கை வீசத் தெரியாது. எந்தக் கால் போகிறதோ அதே கை போகும். ஆறு வாரம் அவரோடு மல்லுக்கட்டினேன். 'சாப், ஒட்டகம்கூட உங்களைப் பார்த்தா வெக்கப்படும்' என்பேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்ததற்குப் பத்து சுற்று ஓடுவார். நல்ல மனுஷன்.

ஒருநாள் வகுப்பு. ஒரு மேஜர் சாப் பாடம் எடுத்தார். நான் பசங்களை அணிவகுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுப் பின்னால் நின்றேன். சிப்பாய்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று பாடம். முதலில் அவங்க சாப்பிடணும், அப்புறம் நீ. முதலில் அவங்க தூங்கணும், அப்புறம் நீ. பிறகு சொன்னார்: 'உன் ஆளிடம் கஷ்டம் உண்டா என்று கேள். இல்லை என்பான். நகர்ந்துவிடாதே. கண்ணைப் பார்த்து இன்னொரு தடவை கேள். இரண்டாவது தடவை சொல்கிறதை நம்பு.' எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். தேஷ்பாண்டே சாப்பும் எழுதிக்கொண்டார். நல்ல பாடம் என்று எனக்குத் தோன்றியது. அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன், வகுப்பு முடிந்ததும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பயிற்சி முடிகிற அன்று தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். குத்தியதும் முதல் சல்யூட் உஸ்தாத்தான் அடிப்பான். நேற்றுவரை ஒட்டகம் என்று சொன்னவன். தேஷ்பாண்டே சாப்புக்கு நான்தான் அடித்தேன். அவர் பதில் சல்யூட் அடிக்கும்போது கை சரியாக வந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. 'கண்ணைத் துடைங்க சாப், இனிமே நீங்க ஆபீசர்' என்றேன்.

அவருக்கு எங்கள் ரெஜிமென்ட் கிடைத்தது. வனராஜ் இருந்த பட்டாலியனே கிடைத்தது. வடக்கே மேலே போனார்கள். பதினெட்டாயிரம் அடி. ஒரு போஸ்ட்டில் ஒன்பது பேர்.

மேலே நடந்ததைத் தேஷ்பாண்டே சாப்பே என்னிடம் சொன்னார். அவர் சொன்னதைச் சொல்கிறேன், கூட்டிக் குறைக்கவில்லை.

அங்கே அதிகாரிக்குக் காலையில் முதல் வேலை கால் பார்ப்பது. ஒவ்வொருவனையும் காலுறையைக் கழற்றச் சொல்லி, விரல் விரலாக அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் அந்த விரல் போச்சு. லெப்டினன்ட் குனிந்து உட்கார்ந்து சிப்பாயின் காலை மடியில் வைத்துப் பார்ப்பார். எட்டுப் பேருடைய காலும். சிப்பாய்க்கு அந்த வேலை கிடையாது. காட்டினால் போதும்.

வனராஜுக்குக் கால் நன்றாக இருந்தது. இருமல் இருந்தது. தலை வலித்திருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த உயரத்தில் சிலருக்கு நெஞ்சுக்குள் தண்ணீர் கட்டிவிடும். அன்றே கீழே இறக்கினால் பிழைத்துவிடுவான். அதற்கு அவன் வாயைத் திறந்து மூச்சு முட்டுகிறது என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் தேஷ்பாண்டே சாப் அவனிடம் 'கோயி தக்லீஃப்?' என்று கேட்டார். 'நஹீன் சாப்.'

அவர் நகரவில்லை. கண்ணைப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டார். இந்த முறை தமிழில். எங்கள் ரெஜிமென்டுக்கு வருகிற அதிகாரிகள் தமிழ் கற்றுக்கொள்வார்கள், அவர் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். 'வனராஜ், கஷ்டம் இருக்கா? சொல்லுப்பா' என்றார். இவன் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, குதிகாலைச் சேர்த்து நின்று, 'நஹீன் சாப்' என்றான். தமிழில் கேட்டதற்கு இந்தியில் சொல்கிறான் பாருங்கள். குரல் நடுங்கவே இல்லை என்றார்.

அவர் இரண்டாவது தடவை சொன்னதை நம்பினார்.

மறுநாள் காலை டீக்கு எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. மேகம், ஹெலிகாப்டர் வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கம் ஒரு மூலை தேஷ்பாண்டே சாப் தோளில். அதிகாரி தூக்க வேண்டியதில்லை, அவர் தூக்கினார். மூன்று மணி நேரம் நடந்தார்கள். அப்புறம் தூக்குவதற்கு அவசரம் இல்லை.

விசாரணையில் கேட்டார்கள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் இல்லை என்றான் என்று சொன்னார். உண்மையைத்தான் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மறைத்தார் என்று.

விசாரணை முடிந்து ஆற்காட்டுக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். வனராஜுக்கு நான்தான் உஸ்தாத் என்று பட்டாலியனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'உஸ்தாத், அவன் ஏன் சொல்லல?' என்று கேட்டார். நான் பூட்ஸ் விஷயத்தை, உங்களிடம் சொன்ன மாதிரியே, முதலிலிருந்து சொன்னேன். நல்ல பையன் சாப், முதலில் கொஞ்சம் வாய், அப்புறம் சரியாகிவிட்டான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விட்டார். வைத்த காபி அப்படியே இருந்தது. ஆறிப்போன காபியைக் கொடுத்தியா என்று வீட்டில் சத்தம் போட்டேன்.

உங்களுக்கும் அதே மாதிரி முகம் ஆகிறது. வேண்டுமானால் கொஞ்சம் வெளியே காற்றாட நில்லுங்கள். வேண்டாமா? சரி.

கடிதத்தில் இரண்டு இடம் திருத்தியிருக்கிறேன். பென்சிலில்தான், பாருங்கள். ஒன்று, அவன் உருளவில்லை. பெட்டி மேல் நின்றான். இன்னொன்று, 'உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார்' என்று இருக்கிறது. தண்டனை இல்லை அம்மா அது. தண்டனை என்றால் ரிஜிஸ்டரில் ஏறும், கம்பெனி கமாண்டர் கையெழுத்து இருக்கும். இது பயிற்சி. 'கஷ்டம் இல்லை என்று சொல்லப் பயிற்சி தரப்பட்டார்' என்று போட்டுக்கொள்ளுங்கள். அது சரியாக இருக்கும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது?

என்னைப் பற்றி மேலே போகும் என்று எனக்குப் பயம் இல்லை. ஓய்வு பெற்றவனை என்ன செய்துவிடப் போகிறார்கள். அதில் எழுதியிருப்பது நடந்ததுதான். மறுக்கவில்லை. விஷயம் அது இல்லை.

நேற்று நீங்கள் போனை வைத்ததும் தேஷ்பாண்டே சாப்புக்குப் போன் செய்தேன். இப்போது மேஜர். இப்படிக் கடிதம் வருகிறது சாப், கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், 'அதுல இருக்கறது உண்மையா உஸ்தாத்?' என்றார். ஆமாம் சாப் என்றேன்.

'அப்ப நீங்க என்ன நினைக்கறீங்க?'

'நீங்க சொல்லுங்க சாப். போடவா, வேண்டாமா?'

'நான் சொல்ல மாட்டேன் உஸ்தாத். நான் சொன்னா அது என் உத்தரவா ஆயிடும். நீங்களே முடிவு பண்ணுங்க.'

'சாப், ஒரு வார்த்தை...'

'நீங்களே, உஸ்தாத்.' வைத்துவிட்டார்.

இருபத்தெட்டு வருஷம் அம்மா. நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இங்கே இந்தக் காலேஜிலும் கேட்டதில்லை. நேற்று சாயங்காலம் பஸ் எல்லாம் போன பிறகு, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். என்ன நினைக்கிறேன் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எதிர்ச் சுவர்தான் தெரிந்தது. துக்கம் மாதிரிகூட ஒன்றும் இல்லை. இன்று காலையிலும் அப்படித்தான்.

பேனா இதோ இருக்கிறது. கடிதம் இதோ. என் பெயர், என் பழைய நம்பர், எல்லாம் சரியாக டைப் ஆகியிருக்கிறது. கையைக் கொண்டுபோகிறேன், பாருங்கள். இதோ. இவ்வளவு தூரம் வருகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. நடுக்கம் இல்லை, வலி இல்லை. யாரோ நில் என்று சொன்ன மாதிரி நிற்கிறது. யாரும் சொல்லவில்லை, அதுதான்.

நீங்கள் வந்ததிலிருந்து 'தயவுசெஞ்சு' என்கிறீர்கள். 'முடிஞ்சா' என்கிறீர்கள். 'உங்க மனசுக்குப் பட்டா' என்கிறீர்கள். அப்படிக் கேட்டால் எனக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

ஒன்று செய்யுங்கள் அம்மா. கேட்காதீர்கள். சொல்லுங்கள். ஐயா, சார், அதெல்லாம் வேண்டாம். எழுந்து நில்லுங்கள். நானும் நிற்கிறேன். 'ஏகாம்பரம், கையெழுத்துப் போடு.' அவ்வளவுதான்.

இல்லை அம்மா, அழுதுகொண்டே சொன்னால் அது உத்தரவு இல்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ம். இன்னும் கொஞ்சம் சத்தமாக.